ஜப்பானியம் கற்க ஆங்கிலம் ஏன் வாயிற்காவலாக நிற்கிறது?

அயல்மொழிப் பட்டப்படிப்புகள் நம் நாட்டில் நெடுங்காலமாக ஒருசில நகரங்களின் வளாகங்களுக்குள்ளேயே இருந்து வருகின்றன. ஜப்பானிய மொழியை இளங்கலைப் பாடமாகப் பயில விரும்பும் தமிழ்நாட்டு மாணவர், பெரும்பாலும் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஹைதராபாத் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் போன்ற தொலைவிலுள்ள நிறுவனங்களையே நாட வேண்டியிருக்கிறது. கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோரின் முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அங்கே சென்று தங்கிப் படிக்கும் செலவே பெருந்தடை. இணையவழித் தொலைநிலைக் கல்வி இத்தடையை அகற்றிவிட்டதாகச் சொல்லப்படுகிறது. எந்த அளவுக்கு அது உண்மை, எந்தக் கதவு இன்னும் மூடியிருக்கிறது என்பதை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இன்று இருக்கும் வழிகள்

ஒன்றிய அரசு 2017இல் தொடங்கிய ஸ்வயம் தளத்தில், என்.பி.டி.இ.எல். திட்டத்தின்கீழ், கான்பூர் ஐ.ஐ.டி. ஜப்பானிய மொழி மற்றும் பண்பாட்டு அறிமுகப் பாடத்தை வழங்கியிருக்கிறது. பாடத்தைக் கேட்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அக்கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படிக்க இடமளிக்கின்றன. ஆயினும், அதை ஏற்கும் முடிவை நம் பல்கலைக்கழகமும் கல்லூரியும் எடுத்தாக வேண்டும். எனவே பதிவு செய்வதற்கு முன்பே, மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடம் சேருமா என்று துறைத்தலைவரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுவது நல்லது.

ஜப்பான் ஃபவுண்டேஷன் நடத்தும் 'மினாட்டோ' தளத்தில் தாமாகவே பயிலும் பாடங்கள் இலவசம். அதே அமைப்பின் 'இரோடோரி' பாடநூலையும் ஒலிப்பதிவுகளையும் விலையின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம். உலகம் முழுதும் ஏற்கப்படும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வு என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகள் கொண்டது. இந்தியாவில் சூலை, டிசம்பர் மாதங்களில் நடைபெறும் இத்தேர்வுக்குச் சென்னையும் ஒரு மையம்.

தமிழ்வழி மாணவரும் ஆங்கிலப் பாடநூலும்

மேற்கண்ட வழிகளில் பெரும்பாலானவை ஜப்பானியத்தை ஆங்கிலத்தின் வழியே விளக்குகின்றன. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த மாணவர் முதலில் ஆங்கில இலக்கண விளக்கத்தைப் புரிந்துகொண்டு, பிறகே ஜப்பானியத்துக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. தரமான ஆங்கிலக் கல்வி யாருக்குக் கிட்டியது, யாருக்குக் கிட்டவில்லை என்பதில் சாதிக்கும் வர்க்கத்துக்கும் உள்ள பங்கை நாம் அறிவோம். ஆகவே, இது மொழியின் கடினம் மட்டுமன்று. ஏற்கெனவே இருக்கும் ஏற்றத்தாழ்வு மற்றொரு பாடத்துக்கும் நீள்கிறது.

ஜப்பானியத் தொடரமைப்போ ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கே நெருக்கமானது. 'வதாஷி வா ஹோன் ஓ யோமிமாஸ்' என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் 'நான் புத்தகத்தைப் படிக்கிறேன்' என்றாகும். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை மாறுவதில்லை. 'ஓ' நம் ஐ உருபின் வேலையைச் செய்கிறது. 'டோக்கியோ நி' என்றால் 'டோக்கியோவுக்கு'. தொடரின் இறுதியில் 'கா' சேர்த்தால், நம் 'ஆ' போல, வினாவாகிறது. 'தபேதெ மிமாஸ்' என்பது 'சாப்பிட்டுப் பார்க்கிறேன்'. அங்கும் 'பார்' என்னும் வினையே முயன்று பார்ப்பதைக் குறிக்கிறது. 'கொரே, சொரே, அரே, தொரே' என்ற சுட்டு வரிசைக்கு 'இது, உது, அது, எது' என்பதே நேரான விளக்கம். யாழ்ப்பாணப் பேச்சில் 'உது' இன்றும் வழங்குகிறது. தமிழில் ஒரு வரியில் முடியும் இவற்றை விளக்க ஆங்கிலப் பாடநூலுக்குப் பத்திகள் தேவைப்படுகின்றன.

இவ்விரு மொழிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று இதனால் ஆகிவிடாது. ஜப்பானிய அறிஞர் ஓனோ சுசுமு முன்வைத்த அக்கருத்தை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எல்லாமே எளிது என்றும் சொல்வதற்கில்லை. 'வா' என்னும் இடைச்சொல்லுக்குத் தமிழில் நேரான இணை இல்லை. ஹிரகானா, கத்தகானா என்னும் இரு எழுத்து வரிசைகளுடன், அன்றாடப் பயன்பாட்டுக்கென அந்நாட்டு அரசு பட்டியலிட்ட 2,136 கான்ஜி எழுத்துகளும் உள்ளன. அவற்றைப் பல்லாண்டுப் பயிற்சியால்தான் வசப்படுத்த முடியும்.

தொலைநிலை தராதவை

தேசிய மாதிரி ஆய்வின் 2017-18ஆம் ஆண்டுக் கணக்கின்படி, கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை சுமார் 4 விழுக்காடு; நகர்ப்புறத்தில் 23 விழுக்காடு. அதன்பின் கைபேசிகள் பெருகியுள்ளன. ஆனால் கான்ஜியின் கோடுகளைச் சிறு திரையில் பார்த்து எழுதிப் பழகுவதும், ஒரே கைபேசியை மூவர் பகிர்ந்து ஒலிப்பாடம் கேட்பதும் கணினி முன் அமர்ந்து படிப்பதற்கு ஈடாகா. மேலும், மொழித்திறன் தேர்வில் பேச்சுத் தேர்வும் இல்லை, எழுத்துத் தேர்வும் இல்லை. சரியான விடையைத் தெரிவு செய்தாலே போதும். என்4 தேறியும் இரண்டு நிமிடம் பேச இயலாத மாணவர் நேர்காணலில் தடுமாறுகிறார். பேச்சுத்துணை இல்லாத தனிமையே தொலைநிலைக் கல்வியின் பெருங்குறை.

இந்த இடைவெளியில்தான் இடைத்தரகர்கள் நுழைகிறார்கள். 2021 சனவரியில் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, முதியோர் பராமரிப்பு உள்ளிட்ட துறைகளில் 'குறிப்பிட்ட திறன் பணியாளர்' விசாவில் நம்மவர் செல்லலாம். அதற்குத் தொழில்திறன் தேர்விலும், என்4 அல்லது அதற்கு இணையான மொழித் தேர்விலும் தேற வேண்டும். இவற்றை விலைக்கு வாங்கித் தர எந்தப் பயிற்சி மையத்தாலும் இயலாது. ஆயினும் 'வேலை உறுதி' என்று சொல்லி இலட்சங்களை வாங்குவோர் உள்ளனர். நிலத்தையோ நகையையோ அடகு வைத்துக் கட்டும் அப்பணம், அங்கே எத்தகைய வேலைச் சூழலையும் சகித்துக்கொள்ளச் செய்யும் கடன் தளையாகிறது. வேலை வழங்குநரை மாற்ற இயலாமல் பயிற்சியாளரைக் கட்டிவைத்த பழைய தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தைக் கைவிட 2024இல் ஜப்பானே சட்டம் இயற்றியது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் பெறக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே. பதிவு பெற்றவர் யார் என்பதை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம்.

வேலைக்கு அப்பால்

ஜப்பானியத்தை நாம் வேலைக்காக மட்டும் கற்க வேண்டியதில்லை. தோல் தொழில், இறைச்சித் தொழில் முதலியவற்றோடு பிணைத்து இழிவுபடுத்தப்பட்ட புராக்கு மக்களின் போராட்ட வரலாறு அம்மொழியில் இருக்கிறது. 1871இல் அரசாணை அவர்களின் இழிபெயர்களை நீக்கியது, புறக்கணிப்பு நீங்கவில்லை. 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் அவர்கள் சுய்ஹெய்ஷா என்னும் சமத்துவ இயக்கத்தைத் தொடங்கினர். அரை நூற்றாண்டுக்குப் பிறகும், புராக்கு வாழிடங்களைப் பட்டியலிட்ட இரகசிய நூல்களை, வேலை கேட்டு வருவோரின் பின்புலம் அறிவதற்காக 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வாங்கியது 1975இல் அம்பலமானது. சேரியின் பெயரைச் சொன்னதும் முகம் மாறும் நேர்காணலை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1961இல் கோச்சி நகரின் நகஹாமா பகுதியில், அன்றாடக் கூலியில் வாழ்ந்த புராக்குத் தாய்மார்களும் மற்றவர்களும் சேர்ந்து பள்ளிப் பாடநூல்களை விலைகொடுத்து வாங்க மறுத்தனர். கட்டாயக் கல்வி இலவசம் என்று அரசமைப்பின் 26ஆம் பிரிவு சொல்லும்போது பாடநூலுக்கு ஏன் விலை என்று கேட்டனர். அக்கேள்வி நாடெங்கும் பரவியது. 1963 முதல் பாடநூல்கள் படிப்படியாக இலவசமாயின; 1969க்குள் கட்டாயக் கல்வியின் எல்லா வகுப்பினருக்கும், எல்லாச் சமூகத்தினருக்கும் அவை கிடைத்தன. இத்தகைய வரலாறுகளின் மூல ஆவணங்களில் மிகப் பல இன்னும் ஜப்பானியத்தில்தான் உள்ளன. ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டவற்றை மட்டும் நம்பியிருப்பது நம் வாசிப்பைக் குறுக்கிவிடும்.

நாம் கேட்க வேண்டியவை

தமிழ்வழியில் விளக்கும் ஜப்பானியப் பாடங்களைத் தமிழ்நாட்டின் பொதுப் பல்கலைக்கழகங்கள் உருவாக்க வேண்டும். ஸ்வயம் பாடத்தை ஏற்க எல்லாக் கல்லூரிகளும் முடிவெடுக்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கணினி அறையும் வாரந்தோறும் பேச்சுப் பயிற்சி வகுப்பும் வேண்டும். மொழித்திறன் தேர்வுக் கட்டணத்தை அரசே ஏற்க வேண்டும். அதுவரை, ஒரே விடுதியில் நால்வர் சேர்ந்து ஒரு பாடத்தைத் தொடங்கினாலும் தனிமை குறையும், தரகர்களின் வலையிலிருந்தும் ஓரளவு தப்பலாம். கல்விக்கான செலவு மாணவரின் தலையில் ஏறக்கூடாது என்று நகஹாமாவின் தாய்மார்கள் கேட்டுப் பெற்றார்கள். நாமும் அதையே கேட்கிறோம்.