பிறந்த மண்ணும் குடியுரிமையும்

எங்கள் பவானிக்கு வரும் ஆற்றின் மேற்புறம், பவானிசாகர் அணையருகே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உள்ளது. அங்குப் பிறந்த குழந்தை எந்நாட்டுக் குடி?

அணை கட்டி முடிந்த அதே 1955இல் இயற்றிய சட்டப்படி, இந்திய மண்ணிற் பிறந்ததே போதும். 1986இல் பாராளுமன்றம் அதைத் திருத்திற்று. 1987 ஜூலை முதல் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடியாயிருத்தல் வேண்டும்.

2019 டிசம்பரில் மூன்று அண்டை நாடுகளின் ஆறு சமயத்தார்க்கு வழி திறந்தது. மக்களவையில் ஆதரவு 311, எதிர்ப்பு 80. இலங்கை ஏன் இல்லை என உறுப்பினர் சிலர் வினவினர். அந்நாட்டினர்க்கு முன்னரே வழங்கியாயிற்று என்றது அரசு. பொருந்தா விடை என்பேன். அது 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி வந்த தோட்டத் தொழிலாளர் கணக்கு. 1983க்குப் பின் உயிருக்கு அஞ்சி வந்தோர் வேறு. அவர்தம் பிள்ளைகளுள் 1987 ஜூலை முதல் பிறந்தோர், பெற்றோர் இருவரும் இந்தியக் குடிகள் அல்லராயின், இங்கேயே பிறந்து கல்லூரி முடித்தவராயினும், பிறப்பினால் இந்தியக் குடிகள் அல்லர்.