கெர்னல் ஒருமுறை கேட்டால் போதும்

மணலி சுத்திகரிப்பு ஆலைக்குள் நுழையும் டேங்கர் லாரியின் புகைக்குழாயில் தீப்பொறித் தடுப்பான் மாட்டியிருக்கிறதா என்று வாசலிலேயே பார்த்துவிடுவார்கள். உள்ளே வால்வுக்கு வால்வு ஆளை நிறுத்தி அதையே மறுபடி மறுபடி பார்த்தால், லாரி வரிசை எம்.எஃப்.எல். சந்திப்பைத் தாண்டி நிற்கும். இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் வெகுகாலம் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

ஒரே லினக்ஸ் கெர்னல், எடை மேடை அறையில் தூசி படிந்து கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பிலும் ஓட வேண்டும், நேற்று வந்திறங்கிய சர்வரிலும் ஓட வேண்டும். புது ப்ராசஸரில் தகவலைப் பூட்டி அனுப்பும் ஏ.இ.எஸ். கணக்குக்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு. பழையதற்கு அவை புரியாது. கொடுத்தால் நிரல் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். அதனால் கெர்னல் முதலில் விசாரிக்கிறது: உனக்கு என்னென்ன தெரியும்?

இன்டெல் வகை ப்ராசஸர்களில் இதற்கு விடை சொல்வது சிபியுஐடி என்ற கட்டளை. 1993-இல் வந்த பென்டியத்தோடு அது நிலைபெற்றது. அதற்கு முந்தைய கதை வேடிக்கையானது. இருப்பது பழைய 386 ப்ராசஸரா, அடுத்து வந்த 486-ஆ என்று அறிய, ப்ராசஸரின் நிலையைக் குறிக்கும் கொடிப் பதிவேட்டின் 18-ஆம் பிட்டை மாற்றிப் பார்ப்பார்கள். மாற்றம் நிலைத்தால் 486. பழையபடி திரும்பிவிட்டால் 386. சிபியுஐடி கட்டளை இருக்கிறதா என்பதையே 21-ஆம் பிட்டை இப்படிச் சீண்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்!

கிடைத்த விடைகளை கெர்னல் ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. ஒரு வரிசைக்கு 32 பிட். இன்று அப்படி 20 வரிசைகளுக்கு மேல். 2018-இல் ப்ராசஸர்களில் இருந்த மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டை அம்பலமானபின், ப்ராசஸரின் திறமைகளோடு அதன் நோய்களையும் அருகிலேயே பதிந்துவைக்கும் பழக்கம் வலுத்தது.

அட்டவணை இருந்தும் குழப்பம் தீரவில்லை. அதைப் பார்க்கும் வழிகள் பெருகிவிட்டன. ஒவ்வொரு வசதிக்கும் ஒரு தனி மேக்ரோ, அதாவது நிரலில் வைக்கும் குறுக்குப் பெயர். இரண்டே இடத்தில் பயன்படும் வசதிக்கும் ஒன்று. நொடிக்கு லட்சக்கணக்கான முறை ஓடும் பாதையில் ‘இருக்கிறதா, இல்லையா’ என்று அட்டவணையைப் புரட்டுவதும் வீண். 2010-இல் கெர்னல் நிரலாளர் ஹெச். பீட்டர் ஆன்வின் துணிச்சலான ஒரு வழியைக் கொண்டுவந்தார். பூட் ஆகும்போது விடையை ஒருமுறை தெரிந்துகொண்டு, கெர்னல் நினைவகத்தில் இருக்கும் தன் கட்டளைகளையே திருத்தி எழுதிக்கொள்ளும். அதன்பின் அந்த இடத்தில் கேள்வியே இருக்காது. நேராகப் போகும் பாதை மட்டும் இருக்கும்.

இதிலும் ஒரு கண்ணி இருந்தது. திருத்தி முடிக்கும் முன்பே யாராவது கேட்டுவிட்டால் தப்பான விடை வரும். அதற்காக 2013-இல் ‘பாதுகாப்பான’ இரண்டாம் வகை ஒன்று சேர்ந்தது. எதை எங்கே பயன்படுத்துவது என்பது புதுத் தலைவலி. 2016-இல் இன்னொரு கெர்னல் நிரலாளர் போரிஸ்லாவ் பெட்கோவ் இரண்டையும் ஒன்றாக்கினார். அதையொட்டி, சிதறிக் கிடந்த தனி மேக்ரோக்களையும் களைந்தார். பயனர் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத வேலை. என்னைக் கேட்டால், புது வசதி சேர்ப்பதைவிட இதற்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும்.

சோதனைகளைக் குறைக்க, பழைய ப்ராசஸரைக் கைவிடுவது இன்னொரு வழி. லினக்ஸ் பிறந்ததே 1991-இல் ஒரு 386 கணினியில். 2012 டிசம்பரில் அந்த 386-க்கான ஆதரவை நீக்கினார்கள். அதோடு அதற்கென்று வைத்திருந்த சோதனைகளும் போயின. 486-ஐயும் விடலாம் என்று 2025-இல் கெர்னல் நிரலாளர் இங்கோ மோல்னார் திருத்தங்களை முன்வைத்தார்.

இதெல்லாம் வெளிநாட்டு விவகாரம் என்று நினைக்க வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யில் வி. காமகோடி தலைமையில் உருவான ‘சக்தி’ ப்ராசஸர்கள், யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த கட்டளைத் தொகுப்பான ரிஸ்க்-ஃபைவ் குடும்பம். அங்கே வசதிகளுக்கு எழுத்துகளே பெயர்: ‘எம்’ என்றால் பெருக்கல், வகுத்தல்; ‘சி’ என்றால் சுருக்கிய கட்டளைகள்; ‘வி’ என்றால் பல எண்களை ஒரே கட்டளையில் கையாளும் வெக்டர். வேண்டிய எழுத்துகளை வைத்துக்கொள்ளலாம், மற்றதை விட்டுவிடலாம். சிப் வடிவமைப்பவருக்கு இது பெரிய சுதந்திரம். கெர்னலுக்கோ தொல்லை. எழுத்துப் பட்டியலைச் சொல்லும் பதிவேடு ஒன்று உண்டு; ஆனால் லினக்ஸ் ஓடும் நிலையிலிருந்து அதைப் படிக்க அனுமதி இல்லை. போர்டோடு வரும் விவரக் கோப்பைத்தான் நம்ப வேண்டும்.

அந்தக் கோப்பில் எல்லா எழுத்துகளையும் ஒட்டி ஒரே சரமாக எழுதிவந்தார்கள். 2019-இல் வெளியான வரையறை, அடிப்படை ‘ஐ’ எழுத்துக்குள் இருந்த சில கட்டளைகளைப் பிரித்துத் தனிப் பெயர் கொடுத்தது. அதன்பின் ‘ஐ’ என்று மட்டும் எழுதியிருந்தால், பழைய பொருளா, புதிய பொருளா? 2023-இல் ஒட்டுச் சரத்துக்குப் பதில் ஒவ்வொரு வசதியையும் தனித்தனியே பெயர் சொல்லிப் பட்டியலிடும் முறை வந்தது.

2024-இல் உறுதியான ஆர்.வி.ஏ.23 வரையறை இன்னும் ஒரு படி மேலே போய், இன்னின்ன வசதிகள் கட்டாயம் என்று மொத்தமாகச் சொல்லிவிட்டது. வெக்டரும் அதில் அடக்கம். லினக்ஸ் வெளியீடான உபுண்டு 25.10 அதையே குறைந்தபட்சத் தகுதியாக்கியது. அப்போது புழக்கத்தில் இருந்த பெரும்பாலான ரிஸ்க்-ஃபைவ் போர்டுகளில் அது ஓடாது. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவோடு சேர்ந்து ஐ.ஐ.டி. அறிவித்த, சக்தி வழிவந்த ‘ஐரிஸ்’ சிப்புக்கு இதனால் பாதிப்பில்லை. விண்கலத்தைக் கட்டுப்படுத்த உபுண்டு எதற்கு? ஆனால் பள்ளி மடிக்கணினிக்கும் அரசு அலுவலக சர்வருக்கும் சக்தி வர வேண்டும் என்றால், வெக்டரைச் சேர்ப்பதா, தனக்கென்று ஒரு லினக்ஸ் வெளியீட்டைப் பராமரிப்பதா என்பதை வடிவமைப்பு மேசையிலேயே முடிவு செய்தாக வேண்டும்.