சீட்டுக்கட்டு ஆலையில் ஓர் இஞ்சினீயர்

சிவகாசிக்குக் ‘குட்டி ஜப்பான்’ என்று ஒரு பெயர் உண்டு. ஜவாஹர்லால் நேரு சூட்டிய பெயர் என்று எங்கள் பக்கத்தில் சொல்லிக்கொள்வார்கள். மழை பொய்த்த கரிசல் சீமையிலே தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழில்களை வளர்த்து, வீட்டுக்கு வீடு வேலை நடக்கச் செய்துவிட்ட ஊரைக் கண்டவர்கள் அப்படி அழைத்ததில் ஆச்சரியமில்லை. எங்களுக்கும் அந்தப் பெயரில் மிகுந்த பெருமை. மேடையில் ஏறுகிற எவரும் அதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. ஆனால் அந்தப் பெரிய ஜப்பானில் என்ன நடந்தது என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

அந்தத் தேசத்தார் ஒருவரை நேயர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். அவர் மந்திரியுமல்லர், தளபதியுமல்லர். விளையாட்டுச் சாமான் செய்தவர். பெயர் குன்பெய் யோகோய். கைக்குள் அடங்கும் சிறு திரையில் விளையாடும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியவர்களில் முதன்மையானவர் அவரே. நம் பிள்ளைகள் கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்திருக்கிறார்களே, “அந்தப் பாவத்துக்கு இந்த மனிதரா காரணம்?” என்று தாய்மார்கள் கோபிக்க வேண்டாம். கதையைக் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொள்ளலாம்.

கியோட்டோ நகரத்தில் 1889-ஆம் வருஷம் புஸாஜிரோ யாமௌச்சி என்பவர் சீட்டுக்கட்டுத் தயாரிக்கும் கடை ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் நிண்டெண்டோ என்று உலகப் பிரசித்தி பெற்ற கம்பெனிக்கு அதுவே ஆரம்பம். அவர் செய்த சீட்டுக்கு ‘ஹனாபுடா’ என்று பெயர். மாதத்துக்கு நான்காகப் பன்னிரண்டு மாதங்களுக்கு 48 சீட்டுகள். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு செடியோ பூவோ அடையாளம். ‘ஹனா’ என்றால் பூ. வாணவேடிக்கைக்கும் ஜப்பானியர் ‘ஹனாபி’ என்று, ‘பூ’வையும் ‘நெருப்பை’யும் சேர்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். தீபாவளிக்குப் பூச்சட்டி கொளுத்துகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சிவகாசியில் பூச்சட்டியும் செய்கிறார்கள், சீட்டும் அச்சிடுகிறார்கள். ஆகையால் அந்தக் கியோட்டோக் கம்பெனியை நமக்குத் தூரத்து உறவு என்றே கொள்ளலாம்.

யோகோய் 1941-ல் அதே கியோட்டோவில் பிறந்தவர். தோஷிஷா சர்வகலாசாலையில் படித்து இஞ்சினீயர் ஆனவர். பெரிய மின்சாதனக் கம்பெனிகளில் இடம் அகப்படவில்லை. உள்ளூரிலேயே இருந்த நிண்டெண்டோவில் 1965-ல் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கொடுத்த உத்தியோகம் சீட்டுத் தயாரிக்கும் யந்திரங்களைப் பழுதில்லாமல் பார்த்துக்கொள்வது. பட்டம் பெற்றவருக்கு இது ஒரு வேலையா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். யந்திரங்கள் ஒழுங்காக ஓடுகிற வரையில் அவருக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. பொழுது போகாமல், அங்கே கிடந்த சாமான்களைக் கொண்டு தம் சொந்த வேடிக்கைக்காக ஏதேதோ செய்துகொண்டிருந்தார்.

அப்படிச் செய்தவற்றில் ஒன்று, நீண்டு சென்று தொலைவிலுள்ள பொருளைப் பற்றிக்கொண்டு வரும் ஒரு கை. வங்கி வாசல்களில், இழுத்தால் விரிந்தும் தள்ளினால் சுருங்கியும் நிற்கும் இரும்புக் கதவை நேயர்கள் பார்த்திருப்பார்கள். அதே சூத்திரந்தான், புதிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. 1966-ல் ஒரு நாள் கம்பெனித் தலைவர் ஹிரோஷி யாமௌச்சியின் கண்ணில் அது பட்டுவிட்டது. தலைவர் அறைக்கு அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் விளையாடியதற்கு வசவு விழப்போகிறது என்று நடுங்கிக்கொண்டே போனார் யோகோய். “இதை விற்பனைச் சரக்காகச் செய்” என்பதே அங்கே கிடைத்த உத்தரவு. ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்ற பெயரில் அந்தப் பொம்மைக் கை 10 லட்சத்துக்கு மேல் விற்றது. யந்திரம் துடைத்தவர் பொம்மை நிர்மாணிப்பவரானார்.

இந்த இடத்தில் யோகோயைப் பாராட்டுவதா, யாமௌச்சியைப் பாராட்டுவதா என்று எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. கெட்டிக்கார வாலிபர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வேலை நேரத்தில் விளையாடியவனைக் கூப்பிட்டு, அவன் கையில் இருப்பது என்னவென்று கவனித்துப் பார்க்கும் முதலாளிகள்தாம் அபூர்வம்.

அடுத்த பன்னிரண்டு வருஷங்களில் அவர் செய்த பொம்மைகள் பல. 1969-ல் வந்த ஒன்று, ஆணும் பெண்ணும் கைகோத்துப் பிடித்தால் முள் அசைந்து அன்பின் அளவைக் காட்டும் கருவி. உண்மையில் அது உடம்பில் ஓடும் மின்சாரத்தைத்தான் அளந்தது. நம் குடும்பங்களில் அதற்கு மதிப்பிருந்திராது. அவற்றை விட்டு முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

புல்லட் ரயிலில் பிரயாணம் செய்தபோது, எதிரே ஓர் உத்தியோகஸ்தர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருந்ததை யோகோய் கவனித்தார். அக்காலத்தில் ஷார்ப், கேஸியோ என்ற இரு கம்பெனிகள் கால்குலேட்டர் விலையை ஒன்றுக்கொன்று போட்டியாகக் குறைத்து வந்தன. அதனால் அதற்குரிய திரவப் படிகத் திரையும் சில்லும் வெகு மலிவாகிவிட்டன. பிறகு ஒரு நாள், ஓட்டுநர் வராததால் தலைவரின் காரை யோகோய் ஓட்டும்படி நேர்ந்தது. போகிற வழியில் பேச்சுக்குப் பேச்சாக, கால்குலேட்டர் அளவில் ஒரு விளையாட்டு செய்தால் பெரியவர்களும் கூச்சமில்லாமல் மறைத்து வைத்து ஆடலாமே என்றார். 1980-ல் ‘கேம் அண்டு வாட்ச்’ வெளிவந்தது. விளையாட்டும் கடிகாரமும் ஒன்றாய் அமைந்த அந்தச் சிறு கருவிகள் 11 வருஷங்களில் 4 கோடியே 34 லட்சம் விற்றன.

1982-ல் அவ்வரிசையில் வந்த ஒன்றில் கூட்டல் குறி போன்ற ஒரு பொத்தான் இருந்தது. அதற்கு முன் திசை காட்ட ஒரு தடியைப் பிடித்துத் திருப்ப வேண்டும். தட்டையான கருவியில் தடி எங்கே நிற்கும்? யோகோய் நான்கு திசைகளையும் ஒரே துண்டில் அடக்கினார். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே கட்டைவிரல் வழி தெரிந்துகொள்ளும். உலகத்துத் திரை விளையாட்டுக் கருவிகளின் கைப்பிடிகளில் இன்றும் அந்தக் கூட்டல் குறியைக் காணலாம். மரியோ என்ற பாத்திரத்தைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோவும், இளைஞராக, இவருடைய மேற்பார்வையில்தான் 1981-ல் தம் முதல் பெரிய விளையாட்டைச் செய்தார்.

யோகோயின் வேலை முறைக்கு அவரே ஒரு பெயர் வைத்தார்: வாடிய தொழில்நுட்பத்தை வேறு கோணத்தில் சிந்திப்பது. ‘வாடிய’ என்றால் கெட்டுப்போன என்று அர்த்தமல்ல. புதுமை தீர்ந்து, குணமும் குற்றமும் எல்லோருக்கும் தெரிந்து, விலையும் இறங்கிவிட்ட தொழில்நுட்பம். அதை எவரும் நினையாத இடத்தில் உபயோகிப்பதே அவருடைய வித்தை.

1989-ல் வந்த ‘கேம் பாய்’ அந்த வித்தையின் சிகரம். அதன் திரைக்கு வர்ணம் கிடையாது. பாசிப் பச்சையில் நிழல் மட்டும் நகரும். போட்டிக் கம்பெனிகள் வர்ணத் திரையோடு புறப்பட்டன. ஆனால் 1990-ல் வந்த ஸேகா கம்பெனியின் கருவி ஆறு பாட்டரிகளைச் சில மணி நேரத்தில் விழுங்கிவிட்டது. யோகோயின் கருவியோ நாலு பாட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது, விலையும் குறைவு. கரும்பலகையில் இரண்டு வட்டம் வரைந்து ‘பனிமனிதன்’ என்று சொன்னால், பார்ப்பவர் மனத்தில் வெண்மை தானே வந்துவிடும் என்பது அவர் கொள்கை. இருபது வருஷமாகச் சாக்குக்கட்டியோடு வாழ்கிற எனக்கு இதில் சந்தேகம் எழவில்லை. பின்னால் வந்த வர்ணப் பதிப்பையும் சேர்த்துக் கேம் பாய் விற்றது 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு வாலிபர்கள் 1922-ல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். ஸ்வீடன் தேசத்துப் பெரிய முதலாளிகள் யந்திர பலத்தோடு இந்தியச் சந்தையில் நின்ற காலம் அது. எளிய சாமானையும் கைவேலையையும் கொண்டே சிவகாசி அவர்களுக்கு ஈடுகொடுத்தது. தீப்பெட்டிக்கு வர்ணப்படம் வேண்டியிருந்தது, அச்சுக்கூடங்கள் வந்தன. மருந்துக் கலவை கைவசமாகியிருந்தது, பட்டாசு வந்தது. வாடிய தொழில்நுட்பத்தை வேறு கோணத்தில் பார்ப்பது நாமும் அறிந்த வித்தைதான்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைப்பது நேர்மையாகாது. யோகோயின் சரக்கு மலிவாக இருந்ததற்குக் காரணம் அவர் யோசனை. எங்கள் சரக்கு மலிவாக இருந்ததற்குக் காரணம் பெரும்பாலும் கைகள். அந்தக் கைகளுள் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்க வேண்டிய பிஞ்சுக் கைகளும் நெடுங்காலம் இருந்தன. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி, ஆசிரியர் தினத்தன்று, முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தை இந்த வட்டாரத்தில் எவரும் மறக்கவில்லை. 2018-ல் சுப்ரீம் கோர்ட் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்தது. மலிவான பிளாஸ்டிக் லைட்டர்கள் தீப்பெட்டியைத் தின்றுவருவதைக் கண்டு, 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியைச் சர்க்கார் 2023-ல் தடுத்தது. தடையுத்தரவு சிறிது காலம் வேலியாக நிற்கும். வேலிக்குள்ளே என்ன பயிரிடப் போகிறோம்? விருதுநகர் ஸ்டேஷனில் இராத்திரி ரயில் ஏறி இஞ்சினீரிங் பட்டத்தோடு சென்னைக்குப் போகும் எங்கள் பிள்ளைகளில் எவனாவது ஓர் அச்சுக்கூடத்தில் யந்திரம் பார்க்க ஒப்புவானா? ஒப்பினாலும், அவன் ஓய்வு நேரத்தில் செய்ததை எடுத்துப் பார்க்கும் முதலாளி உண்டா? இரண்டாவது கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது.

யோகோய்க்குத் தோல்வியும் வந்தது. 1995-ல் வெளிவந்த ‘வர்ச்சுவல் பாய்’ என்ற கருவிக்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் ஆழமுள்ள காட்சி தெரியும். ஆனால் எல்லாம் ஒரே சிவப்பு. கண் வலிக்கிறது, தலை வலிக்கிறது என்றார்கள். 8 லட்சம் கூட விற்கவில்லை. மறு வருஷம் ஆகஸ்டில், 31 வருஷச் சேவைக்குப் பின் அவர் கம்பெனியை விட்டு விலகினார். தோல்வியால் துரத்தப்பட்டார் என்று பலர் எழுதினார்கள். ஐம்பது வயதுக்கு மேல் சுதந்திரமாகத் தொழில் செய்ய வெகுநாளாக எண்ணியிருந்ததாக அவர் சொன்னார். ‘கோட்டோ’ என்ற சிறு ஸ்தாபனத்தைத் தொடங்கினார்.

1997 அக்டோபர் 4-ஆம் தேதி, நெடுஞ்சாலையில் அவர் சென்ற கார் ஒரு லாரியில் மோதியது. சேதத்தைப் பார்க்க இறங்கியவர்மீது மற்றொரு கார் மோதியது. அப்போது அவருக்கு வயது 56.

அவர் கடைசியாக யோசனை சொல்லிவந்த ‘வொண்டர்ஸ்வான்’ என்ற கருவியைப் பாண்டாய் கம்பெனி 1999-ல் வெளியிட்டது. அதில் ஆடிய ஒரு விளையாட்டுக்கு ‘குன்பெய்’ என்று அவர் பெயரையே வைத்தார்கள். அதற்கும் வர்ணத் திரை கிடையாது. ஒரே ஒரு பாட்டரி போதும்.