அமராவதி ஆற்றுப் பகுதியின் வரலாறும் கலையும்

அமராவதி ஆறு காவிரியின் துணையாறுகளுள் ஒன்றாகும். சங்க இலக்கியங்கள் இதனை ஆன்பொருநை எனக் குறிக்கின்றன. ஆனைமலைக்கும் பழனிமலைக்கும் இடைப்பட்ட மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கில் தோன்றி, கொழுமம், தாராபுரம் ஆகிய ஊர்களின் வழியே ஏறத்தாழ 280 கி.மீ. ஓடி, கரூருக்கு அருகிலுள்ள திருமுக்கூடலூரில் காவிரியுடன் கலக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையிலிருந்து சோழ நாட்டிற்குச் சென்ற பெருவழிகள் கொங்கு நாட்டின் ஊடாகவே சென்றன. இப்பகுதியின் வரலாற்றில் உரோமக் காசும் சமணச் சிற்பமும் சோழர் கல்வெட்டும் அருகருகே காணப்படுவதற்கு இதுவே காரணம்.

பண்டைய வணிகம்

உடுமலைப்பேட்டைப் பகுதியிலுள்ள பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரோம வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. இவை அகசுட்டசு, திபேரியசு ஆகிய பேரரசர்களின் காலத்தவை. இந்தியாவில் மிகுதியாகக் கிடைக்கும் இவ்விரு பேரரசர்களின் வெள்ளிக் காசு வகைகள் உரோம் நகரில் அச்சிடப்பட்டவை அல்ல. பிரான்சு நாட்டில் ரோன், சோன் ஆறுகள் கூடுமிடத்தில் உள்ள இன்றைய லியோன் நகரமே (அன்றைய பெயர் லுக்துனும்) அவற்றின் அச்சுக்கூடம். ஐரோப்பிய ஆற்றங்கரை ஒன்றில் அடிக்கப்பட்ட காசு கொங்கு நாட்டு மண்ணில் புதைக்கப்பட்டது எனின், இங்கிருந்து சென்ற பொருளுக்கு அங்கே இருந்த மதிப்பை உணரலாம். மிளகு, துணி ஆகியவற்றுடன் நீலப்பச்சை நிறமுடைய பெரில் கற்களும் ஏற்றுமதியாயின. காங்கேயம் அருகிலுள்ள படியூர் இக்கற்களுக்குப் பெயர் பெற்றது.

கரூரும் சேரர் காசுகளும்

கரூர் அருகே அமராவதி ஆற்று மணலை அரித்துப் பொன் தேடுவோர் கையில் உரோமக் காசுகளும் சேரர் காசுகளும் முத்திரை மோதிரங்களும் கிடைத்து வந்துள்ளன. இவற்றுள் மாக்கோதை என்ற பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட வெள்ளிக் காசு குறிப்பிடத்தக்கது. அதில் மன்னனின் தலையுருவம் உரோமக் காசுகளின் முறையில் பக்கவாட்டில் அமைந்துள்ளது. கொல்லிப்புறை, குட்டுவன் கோதை ஆகிய பெயர்களைத் தாங்கிய காசுகளும் உள்ளன. சேரரின் செப்புக் காசுகளில் வில்லும் அம்பும் யானையும் இடம்பெறுகின்றன.

சேரர் தலைநகரான வஞ்சி எது என்பது நெடுநாள் விவாதமாகும். கொடுங்கல்லூரே வஞ்சி என்பாரும் உளர். கரூரே வஞ்சி என்போருக்கு வலுவான சான்று, காவிரிக் கரையில் புகழூர் ஆறுநாட்டார் மலையிலுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டாகும். இது மூன்று தலைமுறைச் சேரர்களைக் குறிப்பிடுகிறது. கருவூரைச் சேர்ந்த பொன் வணிகன் ஒருவனின் பெயரும் அதே மலையில் காணப்படுகிறது. சிறிய செய்திதான் எனினும், அரசனின் கொடையும் வணிகனின் கொடையும் ஒரே குன்றில் இருப்பது கவனிக்கத்தக்கது.

சமணச் சிற்பங்கள்

பழனிக்கு மேற்கே உள்ள ஐவர்மலையில் 16 சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. இங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு, பார்சுவநாதர், இயக்கி ஆகியோரின் திருமேனிகளைச் சாந்திவீரக் குரவர் என்பவர் புதுப்பித்து, 505 காணம் பொன் அளித்ததைக் கூறுகிறது. இது சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870 எனவும், பாண்டியன் இரண்டாம் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு எனவும் குறிக்கிறது. இதைக் கொண்டே அம்மன்னன் கி.பி. 862இல் அரியணை ஏறினான் என்று கணிக்கப்படுகிறது. பாண்டியர் காலவரிசைக்கு இது ஓர் அச்சாணி எனலாம்.

கொங்குச் சோழர் காலம்

கொங்குச் சோழர் ஆட்சியில் ஆற்றின் மேற்பகுதி கரைவழி நாடு என வழங்கப்பட்டது. கடத்தூர் அருச்சுனேசுவரர் கோயில், கொழுமம் தாண்டேசுவரர் கோயில் முதலியன இந்நாட்டைச் சேர்ந்தவை. தஞ்சைக் கோயில்களின் உயரத்தை இங்கே எதிர்பார்த்தல் இயலாது. இவற்றின் சிறப்பு சுவர்களிலுள்ள கல்வெட்டுகளிலேயே உள்ளது. கல்லாபுரம், குமரலிங்கம், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு ஆகிய ஊர்களின் பெயர்களைத் தாங்கிய பழைய இராசவாய்க்கால்கள் இன்றும் பாசனத்திற்குப் பயன்படுகின்றன. அரசியின் பட்டம் ஊராகி, ஊரின் பெயர் வாய்க்காலுக்கும் ஆனதற்குச் சோழமாதேவி எடுத்துக்காட்டு. கால்நடைகளைக் காக்கப் புலியுடன் போரிட்டு இறந்தோருக்கு எடுக்கப்பட்ட புலிகுத்திக் கற்கள் கொங்கு நாட்டுப்புறங்களில் பரவலாக உள்ளன.

தாராபுரம்

கல்வெட்டுகள் குறிக்கும் இராசராசபுரம் தாராபுரமே என்பர். மகாபாரதத்தின் விராடபுரம் இதுவே என்னும் செவிவழிக் கதையும் உண்டு. அப்பெருமைக்கு உரிமை கோரும் ஊர்கள் இந்தியாவில் வேறு பலவும் உள்ளன. மைசூர்ப் போர்களில் இவ்வூர்க் கோட்டை பலமுறை கைமாறியது. 1783இல் கர்னல் புல்லார்ட்டன் இதனைக் கைப்பற்றினார். 1790இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமாகி, அதே ஆண்டில் திப்பு சுல்தானிடம் சென்றது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் கொங்கு நாடு இரண்டாகப் பிரிக்கப்பட்டு, வட பகுதிக்குப் பவானியும் தென் பகுதிக்குத் தாராபுரமும் தலைமையிடங்களாயின. 1804இல் இரண்டும் இணைந்து கோயம்புத்தூர் தலைமையிடமானதும் தாராபுரம் வட்டத் தலைநகராகச் சுருங்கியது. 1979இல் பெரியார் மாவட்டத்திலும், 2009இல் திருப்பூர் மாவட்டத்திலும் சேர்க்கப்பட்டது.

இன்றைய நிலை

1957இல் அமராவதி அணை கட்டப்பட்டது. கீழ்ப்பகுதியில் கரூரின் சாயக் கழிவுகளும் மணல் அள்ளுதலும் ஆற்றைப் பெரிதும் பாதித்துள்ளன. மணலுடன் வரலாற்றுச் சான்றுகளும் போகின்றன. அகழாய்வில் கிடைக்கும் காசுக்கு மண்ணடுக்கு ஒரு காலத்தைத் தரும். சல்லடையில் கிடைக்கும் காசுக்கு அதன் எழுத்து மட்டுமே துணை. கரூரில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களில் நடத்திய அகழாய்வுகளில் உரோமச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஆனால் புகழ்பெற்ற சேரர் காசுகளுள் பல ஆற்றிலிருந்து நேரே வணிகர்களிடமும் தனியார் சேகரிப்புகளுக்கும் சென்றவை. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடைய புதையலைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.