கிரயச் செலவும் வக்கீல் கூலியும்

தஞ்சை நாட்டில் ஒரு வீடு கைமாறுங்கால் சர்க்கார், பத்திரம் எழுதுவோர், வக்கீல் ஆகிய மூவர் கைக்குப் பணம் செல்கின்றது. இவற்றுள் முதலாவது மிகப் பெரிது. மூன்றாவது அதனோடு ஒப்பிடத் தகாத அளவு சிறிது. ஆயினும் நம்மவர் பேரம் பேசுவதும், வேண்டாவென்று விலக்குவதும் அம்மூன்றாவதனையே.

கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை தமிழ்நாட்டில் மேல்வரி உட்பட நூற்றுக்கு 7 ஆகும். பதிவுக் கட்டணம் 2017இல் நூற்றுக்கு 4 ஆக உயர்ந்து, 2023இல் 2 ஆகக் குறைக்கப்பட்டது. எனவே 20 இலட்ச ரூபாய்க்கு வீடு வாங்குவோர் 1,40,000 ரூபாயும் 40,000 ரூபாயும் சர்க்காருக்குச் செலுத்துகின்றனர். வேறு உடன்பாடு இல்லாவிடில் முத்திரைச் செலவு வாங்குவோரையே சாரும் என்பது 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் விதி.

இத்துணைப் பணம் கொடுத்துப் பதிந்தமையால் வீடு ஐயமின்றித் தமதாயிற்று என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பத்திரத்தைப் பதிவு செய்கின்றதேயன்றி, விற்பவருக்கு உள்ள உரிமைக்குப் பிணை நிற்பதில்லை. பட்டாவோ வருவாய்த் துறையின் கணக்கு. விற்பவருக்கு உரிமை உண்டா என்னும் வினாவை ஆராய்வதற்கென்று நாம் கொடுப்பது வக்கீல் கூலி ஒன்றே.

சோழர் காலத்து ஊர்களில் நில விற்பனை ஆவணங்களை மத்தியஸ்தன் எழுதிக் கையெழுத்திடுதலைக் கல்வெட்டுக்களில் காண்கிறோம். ஆவணக்களரி என்னும் இடமும் இருந்தது. ஊரார் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்த அந்நாளில் உரிமையை ஆராய வேறொருவர் வேண்டியதில்லை போலும். இந்நாளில் உரிமையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்.

வக்கீல் பார்ப்பது யாது? மூலப்பத்திரம் தொடங்கி உரிமைத் தொடர் அறாது வருகின்றதா என்பதும், முப்பதாண்டு வில்லங்கச் சான்றும் ஆம். ஆயினும் வில்லங்கச் சான்றில் பதிவானவை மட்டுமே தோன்றும். பதியாத உயிலும், வாய்மொழிப் பாகப்பிரிவினையும் அதிற் காணப்படா. கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் அடிமனை கோயிலுக்கும், மேற்கட்டடம் மட்டும் குடியிருப்போருக்கும் உரியனவாகிய வீடுகள் உண்டு. விற்பவர் கட்டடத்தை விற்கலாமேயன்றி மண்ணை விற்கவியலாது. குடும்பத்துப் பெண்மக்களின் பங்கோ இன்னும் நுண்ணிது. தமிழ்நாட்டில் 1989 முதலும், நாடெங்கும் 2005 முதலும், இந்துக் கூட்டுக்குடும்பத்தின் பூர்விகச் சொத்தில் மகளும் மகனை ஒத்த உரிமை பெற்றாள். மணமாகி வேற்றூர் சென்ற ஒரு தங்கை கையெழுத்திடாத பத்திரம் பிற்காலத்தில் வழக்காகி, வாங்கிய ஏழை ஆசிரியரின் ஓய்வுப் பணத்தை நீதிமன்றப் படிக்கட்டுகளிற் கரைக்கக் கூடும்.

இவ்வேலைக்குக் கூலி எவ்வளவு? எங்கும் ஒரே விகிதமென்று ஒன்றில்லை, இருத்தலும் நன்றன்று. அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில் வீடு வாங்கிய ஒரு தம்பதியர் உரிமை ஆராய்ச்சிக்காக வக்கீலை நாடியபோது, வக்கீற் சங்கம் வகுத்த பட்டியற்படி விலையில் நூற்றுக்கு 1 கேட்கப்பட்டனர். மேலும் 36 வக்கீல்களுக்கு எழுதிக் கேட்டனர்; 19 பேர் விடையளித்தனர்; ஒருவரும் குறைக்கவில்லை. கோல்ட்ஃபார்ப் வழக்கு எனப்படும் இதில், அத்தகைய பட்டியல் சட்டவிரோதமான விலைக்கட்டு என்று 1975இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கூலி விலையைப் பின்பற்றாது உழைப்பைப் பின்பற்றுவதே முறை என்பது எம் கருத்து. ஒரே கையில் நாற்பதாண்டு இருந்த பெருவிலை மனைக்கு அரைநாள் போதும். நான்கு தலைமுறை பங்கிட்ட சிறு ஓட்டு வீட்டிற்கு ஒரு கிழமையும் போதாது. ஆதலின் முதலிலேயே கேட்டுத் தெளிக: கூறும் தொகை ஆவணங்களைப் பார்ப்பதற்கு மட்டுமா, எழுத்து மூலமான கருத்துரைக்கும் சேர்த்தா, பத்திரம் வரைந்து பதிவகம் வருவதும் பட்டா மாற்றமும் அதனுள் அடங்குமா? விற்பவர் அழைத்து வரும் வக்கீல் விற்பவருக்கே வக்கீல். வாங்குவோர் தமக்கென வேறொருவரை அமர்த்துக. பத்திரத்தை உரிமம் பெற்ற எழுத்தரைக் கொண்டு எழுதுவித்தாலும் குறைவில்லை. ஆராய்ச்சியை மட்டும் அவரிடம் விடற்க.

இவையெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே நடைபெறல் வேண்டும். முன்பணம் கொடுத்தபின் வில்லங்கம் வெளிப்படின், அதனைத் திரும்பப் பெறுதற்கு வேறொரு வக்கீல் கூலி ஆகும்.