தொழுநோயும் பாத ஊனமும்

தொழுநோய்க் கிருமி விரல்களைத் தின்றுவிடுகிறது என்ற எண்ணம் நம் மக்களிடையே இன்னும் வேரூன்றியுள்ளது. படித்தவர்களும் இதற்கு விலக்கல்லர். உண்மையில் இக்கிருமி முக்கியமாகத் தாக்குவது தோலையும் நரம்புகளையுமே. பாதம் உருக்குலைவது பெரும்பாலும் நரம்புக் கேட்டின் பின்விளைவாகும், அதாவது தடுக்கக்கூடியது.

காலில் பெரிதும் பாதிக்கப்படும் நரம்புகள் இரண்டு. ஒன்று, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புற எலும்பைச் சுற்றிச் செல்வது. இது செயலிழந்தால் பாதத்தை மேல்நோக்கித் தூக்கும் தசைகள் வலுவிழந்து பாதம் தொங்கிவிடும். நீரில் நடப்பவரைப் போல நோயாளி முழங்காலை உயர்த்தி அடிவைப்பார். மற்றொன்று, கணுக்காலின் உட்புறமாகச் சென்று உள்ளங்காலுக்கு உணர்வளிப்பது. இது கெட்டால் கால்விரல்கள் கொக்கிபோல் மடங்கும். வியர்வை நின்று தோல் வறண்டு வெடிக்கும். உள்ளங்கால் மரத்துப் போகும்.

இவற்றுள் கொடியது மரத்துப் போதலே. செருப்பில் ஒரு சிறு கல் புகுந்தால் நாம் நாலடி நடப்பதற்குள் நின்றுவிடுகிறோம். உணர்விழந்தவர் அதே கல்லுடன் மாலைவரை நடப்பார். விரல்கள் மடங்கியிருப்பதால் உடற்பாரம் முன்பாதத்தின் எலும்பு முனைகளிலும் விரல் நுனிகளிலும் குவிகிறது. முதலில் அவ்விடம் சூடாகி வீங்கும், பின்னர் கொப்புளம், அடுத்துப் புண். வலி இல்லாததால் நடை நிற்பதில்லை. சீழ் எலும்பை எட்டி, எலும்புத் துணுக்குகள் வெளியேற, பாதம் குறுகுகிறது. விரல் உதிர்ந்தது என்று ஊரார் சொல்வது இதைத்தான்.

இவ்வுண்மையைத் தெளிவாக்கியதில் வேலூருக்குப் பெரும்பங்கு உண்டு. 1946-இல் அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டும், 1955-இல் தோன்றிய கரிகிரி தொழுநோய் ஆய்வு நிலையத்தினரும் தசைநாண் மாற்று அறுவை முறைகளையும், மைக்ரோ செல்லுலார் ரப்பர் பதித்த காலணிகளையும் ஆராய்ந்து வளர்த்தனர்.

1982-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சை, நோயின் வகைக்கேற்ப ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் நோயைக் குணப்படுத்துகிறது. ஆனால் இழந்த உணர்வை அது மீட்டுத் தருவதில்லை. நரம்பு வீங்கி வலித்தாலோ, புதிதாக மரப்பு தோன்றினாலோ, ஆறு மாதங்களுக்குள் மருத்துவர் மேற்பார்வையில் பிரெட்னிசலோன் தொடங்குவது அவசியம். காலம் கடந்தால் பயன் குறையும். இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நோயாளியைக் கண்மூடச் செய்து, பந்துமுனைப் பேனாவால் உள்ளங்காலில் இலேசாகத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னால் போதும்.

தொங்கிய பாதத்துக்கு முதலில் அதைத் தூக்கிப் பிடிக்கும் பட்டை அல்லது சுருள்வில் பொருத்தப்படுகிறது. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை முன்னேற்றம் இல்லையெனில், காலின் பின்புறத் தசையொன்றின் நாணைப் பாதத்தின் மேற்புறத்தில் இணைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. அதன்பின் தொடர்ந்த பயிற்சி தேவை. அந்தத் தசை புது வேலையைக் கற்க வேண்டுமல்லவா?

உள்ளங்கால் புண்ணுக்குக் களிம்பைவிட ஓய்வே மருந்து. மாவுக்கட்டுப் போட்டுப் பாரத்தைப் பரவச் செய்தால் பல புண்கள் ஆறிவிடும். பின்னர் நாள்தோறும் பாதத்தை நீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து நீக்கி, எண்ணெய் தடவி, சூடும் சிவப்பும் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். காலணியின் உட்புறம் மென்மையாகவும் அடிப்புறம் முள் ஏறாத உறுதியுடனும், குதிகாலில் வாருடனும் இருக்கவேண்டும், ஆணி கூடாது. பார்த்தவுடனே நோயைப் பறைசாற்றும் செருப்பைத் தந்தால் அது பரணுக்குத்தான் போகும் என்பதைத் தயாரிப்போர் மறக்கலாகாது.

2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையைத் தேசிய அளவில் எட்டினோம். ஆயினும் உலகில் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியரே. கடைசி வேளை மருந்துடன் சிகிச்சைப் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்குகிறது. மரத்த பாதமோ ஆயுள் முழுதும் உடன் வருகிறது. குணமடைந்தோருக்கெனத் தனிப் பதிவேடு வைத்து, காலணி தேயுமுன் மாற்றித் தருவது ஆரம்ப சுகாதார நிலையங்களால் இயலும் பணியே. நீரிழிவால் உணர்விழந்த பாதங்களுக்கும் இதே கவனிப்புத் தேவைப்படுவதால், இரு சாராரையும் ஒரே நாளில் ஒரே அறையில் பார்க்கலாம்.