அயல் மண்ணில் உறங்கும் விமானப்படையினர்



செங்குன்றம் வழியாகச் செல்லும்போது நாம் காணும் புழல் ஏரி, இரண்டாம் உலகப் போரின்போது விமானத் தளமாகவும் இருந்தது. 1942 முதல் 1945 வரை பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் பிரிவு இங்கிருந்து இயங்கியது. 'கேட்டலினா' என்னும் விமானங்கள் ஏரி நீரிலிருந்தே எழும்பி, நீரிலேயே இறங்கின. எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி அவை வங்கக் கடல்மீது பல மணி நேரம் பறந்தன.

போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்களின் உடலைச் சொந்த நாட்டுக்கு அனுப்பும் வழக்கம் அன்று இல்லை. இறந்த ஊருக்கு அருகிலிருந்த கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். நிலையான பராமரிப்புக்கு உறுதியில்லாத இடங்களிலிருந்த கல்லறைகள் பின்னர் பரங்கிமலைக்கு அருகே நந்தம்பாக்கத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டன. சென்னை போர்க் கல்லறைத் தோட்டம் என்னும் அவ்விடத்தில் இன்று விமானப்படையினர் உட்பட 850க்கும் மேற்பட்டோர் துயில்கின்றனர். பதவியைப் பார்த்துக் கல்லின் அளவு மாறுவதில்லை. கடலில் விழுந்து உடல் கிடைக்காத விமானிகளுக்கோ கல்லறையே இல்லை. நம் பகுதிக் கடல்களில் மறைந்தவர்களின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

அவர்களைப் பெற்ற தாய்மாரில் பெரும்பாலோர் இந்த மண்ணைப் பார்த்ததே இல்லை. மகனின் கல்லறையில் ஒரு பூ வைக்கவும் அவர்களால் இயலவில்லை. அங்கே புல்வெட்டி நீரூற்றுவது நம் ஊர்த் தொழிலாளர்களே.

போரில் மடிந்த வீரர்களுக்காக யூதா மக்கபே காணிக்கை திரட்டி எருசலேமுக்கு அனுப்பியதை விவிலியம் சொல்கிறது (2 மக் 12:43-45). இறந்தோருக்காகச் செபிப்பதும் அவர்களை அடக்கம் செய்வதும் இரக்கச் செயல்கள் என்று திருச்சபை நமக்குக் கற்பிக்கிறது. அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று இரக்கம் கேட்பதில்லை.

இந்த வேதனை நமக்குத் தொலைவில் இல்லை. கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் இலங்கைத் தமிழர் பலருடைய பெற்றோரின் கல்லறைகள் கடலுக்கு அப்பால் இருக்கின்றன. சிப்காட் தொழிற்சாலைகளில் உழைக்க வடமாநிலங்களிலிருந்து வந்தவர் இங்கே இறந்தால், அருகில் நின்று அழ உறவினர் இருப்பதில்லை. அப்போது அங்கே போய் நிற்கவேண்டியவர்கள் நாம்தான்.

வருகிற நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று நம் குடும்பக் கல்லறைக்குப் பூ வைத்தபின் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். யாரும் வராத கல்லறை ஒன்று நம் கல்லறைத் தோட்டத்திலும் இருக்கும். அங்கேயும் ஒரு மெழுகுதிரி ஏற்றி, கல்லிலுள்ள பெயரைச் சொல்லிச் செபிப்போம்.